முன் ஆக்சில் லாக்கிங் ஹப்: தானியங்கியைக் கழற்றிவிட்டுக் கையால் திருகுவதைப் போடலாமா?

கேள்வி (அந்தியூர்)

அனைவருக்கும் வணக்கம். பர்கூர் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்துக்குப் போக, இட்டேரியில் (இருபுறமும் வேலியுள்ள மண்பாதையில்) இறங்கி ஒரு பள்ளத்தைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் மணலும் சேறும் கலந்து கிடக்கும் அந்தக் கரையை மஞ்சள் மூட்டையோடு ஏறுவதற்காகவே பழைய போர்வீல் டீசல் ஜீப் ஒன்றை வைத்திருக்கிறோம். முன் ஆக்சிலில் இருப்பது தானியங்கி லாக்கிங் ஹப் (ஆக்சில் தண்டைச் சக்கரத்தோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவும் பாகம்). சில நாட்களாகக் கரை ஏறும்போது முன்பக்கம் 'டக், டக்' என்று அடிக்கிறது. பின்சக்கரங்கள் மட்டுமே மண்ணைப் பறிக்கின்றன. இரண்டு ஹப்பையும் எடுத்துவிட்டுக் கையால் திருகும் வகையைப் போடும்படி மெக்கானிக் சொல்கிறார். உக்கடத்தில் பழைய செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில் (பொள்ளாச்சி)

தம்பி, பணம் கொடுப்பதற்கு முன் சத்தம் ஹப்பில்தான் எழுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் அடித்தால் சிவி ஜாயின்டின் (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் தண்டு மூட்டின்) மேல் சந்தேகப்பட வேண்டும். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். நேராக ஏறும்போதும், ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் அடித்தால் பெரும்பாலும் ஹப்தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) முன் ஆக்சிலைச் சுழற்றும்போது ஹப்புக்குள் இருக்கும் கேம் (சரிவான விளிம்புள்ள தள்ளுவளையம்) மேலேறி, பல்வளையத்தைத் தள்ளி, தண்டையும் சக்கரத்தையும் பிணைப்பதே தானியங்கி ஹப்பின் வேலை. சேற்றிலிருந்து வெளியேற வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது அந்தக் கேம் ஒவ்வொரு முறையும் இறங்கி ஏற வேண்டியிருப்பதால், அங்கேதான் அது முதலில் தடுமாறும்.

இரண்டு முன் ஆக்சில் தண்டுகளிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். வேறொருவரை மெதுவாகக் கரை ஏற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். அடியில் குனிய வேண்டாம். சக்கரம் நிற்க, ஒரு பக்கத்துத் தண்டு மட்டும் சுழன்றால், அந்தப் பக்கத்து ஹப் பிடிக்கவில்லை என்று பொருள். இரு பக்கத்துத் தண்டுகளுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் சுமையில்லாத பக்கத்துக்கே சுழற்சியைத் தள்ளிவிடுவதால், ஒரு ஹப் விட்டாலே முன்பக்க இழுவை முழுவதும் போய்விடும்.

பதில் (சத்தியமங்கலம்)

அண்ணன் சொன்ன சோதனை சரியானது. ஆனால் ஹப்பே வேண்டாம் என்பது என் கருத்து. லேத்தில் ஸ்ப்ளைன் (தண்டின் பற்களோடு பொருந்தும் வரிப்பற்கள்) வெட்டிய ஒரு கெட்டித் தட்டைக் கடைந்து மாட்டிவிட்டால் உடைவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. தண்டு எப்போதும் சுழலும், டீசல் சற்றுக் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

பதில் (கோவை, கணபதி)

அந்தத் தட்டுகளை நாங்களே கடைந்து தருகிறோம்; ஆனாலும் இவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஹப் விட்டுக்கொடுக்காத இடத்தில் அடுத்து உடைவது சிவி ஜாயின்டோ தண்டோதான், அவை இரண்டும் ஹப்பைவிட விலை கூடியவை. கையால் திருகும் ஹப் 1948-இலேயே வார்ன் நிறுவனம் வில்லிஸ் ஜீப்புக்காகச் செய்யத் தொடங்கிய பொருள். தோட்ட வேலைக்கு இன்றும் அதுவே போதும்.

பழைய செட்டை வாங்கும் முன் உங்கள் தண்டின் ஸ்ப்ளைன் பற்களை எண்ணி, வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்து, போல்ட் துளைகளின் வட்டத்தையும் ஒப்பிடுங்கள். 'இதுவும் ஜீப்புதான், சேரும்' என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். மேல்மூடியை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். தானியங்கி ஹப்புக்குப் பின்னால், ஸ்பிண்டிலில் (சக்கர பேரிங் உட்காரும் குழாயில்), கேமைப் பிடித்து நிறுத்தும் பாகங்கள் பல வண்டிகளில் உண்டு. அவற்றை நீக்கிவிட்டு, புதிய வகைக்குரிய நட்டையும் பூட்டு வாஷரையும் போட வேண்டும். அந்த நட்டுதான் சக்கர பேரிங்கின் இறுக்கத்தையும் தீர்மானிக்கிறது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு மீண்டும் வைக்க வேண்டும். இதை அவசரமாகச் செய்யும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

கேட்டவர் (அந்தியூர்)

சோதித்துப் பார்த்தேன், அண்ணா. வலப்பக்கத்துக் கோடு மட்டும் கிறுகிறுவென்று சுற்றியது. கழற்றியபோது கிரீஸ் காபி நிறத்தில் கெட்டிப்பட்டு, பல்லிடுக்கில் மண்ணோடு அப்பியிருந்தது. கழுவி மாட்டினால் போதுமா?

பதில் (கோவை, கணபதி)

காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பற்களின் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, ஓ-ரிங்கை மாற்றி, மீண்டும் பயன்படுத்தலாம். உருண்டு மழுங்கியிருந்தால் எவ்வளவு கழுவினாலும் சுமையில் நழுவும். அப்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பேரிங்கில் கிரீஸை நிறைய அடைக்கலாம், ஹப்புக்குள் மட்டும் மெல்லிய பூச்சுக்கு மேல் வேண்டாம். நிறைந்தால் ஸ்பிரிங்கால் பல்வளையத்தைத் தள்ள முடியாது. கையால் திருகும் ஹப்பைப் போட்டால் அதன் வெளித்திருகியைக் கையால் மட்டுமே திருப்புங்கள், பிளையரைப் போட்டால் உடைந்துவிடும். பள்ளத்தில் இறங்கும் முன்பே வீட்டு வாசலில் இரண்டையும் பூட்டிவிடுங்கள். பூட்டிய ஹப்போடு டூவீலில் (பின்சக்கர இழுவையில் மட்டும்) ஓட்டினால் கேடு எதுவும் இல்லை; தார் ரோட்டில் போர்வீல் போட்டு வளைப்பதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஆகாது.

மாட்டியபின் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிவந்து, ஹப்பின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் நட்டு இறுகிவிட்டது, திரும்பக் கழற்ற வேண்டும்.