நல்ல டிவிடி ரைட்டர் மதுரையில் எங்கே கிடைக்கும்?

வணக்கம். கல்யாண வீடியோக்களை டிவிடி-ஆர் (ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய) டிஸ்க்கில் ஏற்றி வைக்க, வீட்டு டெஸ்க்டாப்புக்கு நம்பகமான ரைட்டர் ஒன்று வேண்டும். கேபினெட்டில் 5.25 இஞ்ச் இடமும் மதர்போர்டில் டிரைவை இணைக்கும் ஒரு சாட்டா போர்ட்டும் காலி. அதனால் உள்ளே பொருத்தும் இன்டர்னல்தான் வாங்க நினைக்கிறேன். யுஎஸ்பி ஸ்லிம் ரைட்டர் எழுதும்போது கரண்டை அதிகம் இழுக்கும். முன்பக்க போர்ட்டில் போதாமல் போனால் பாதியில் நின்று டிஸ்க் வீணாகிவிடும்.

பெட்டியில் எழுதும் வேகம் 24எக்ஸ் என்று போட்டிருந்தாலும் 8எக்ஸில்தான் எழுதப்போகிறேன். வேகம் கூடினால் டிஸ்க்கின் வெளி ஓரத்தில் பிழை கூடும். பழைய பிளேயர்கள் திக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

எல்ஜி, ஆசுஸ் இரண்டில் எதை வாங்கலாம்? டவுன்ஹால் ரோடு, மேலமாசி வீதிப் பக்கம் சீல் பிரிக்காத சரக்கு எங்கே இருக்கிறது? கழற்றி விற்கிற பழையது வேண்டாம்; லேசர் தேய்ந்திருந்தால் டிஸ்க்கைப் படிக்கும், எழுதாது.