திருகோணமலை வாழிட வரைபடம்: களத்தில் எதிர்ப்படுபவை

மூதூரிலிருந்து:

ஒரே திகதியில் எடுத்த செய்மதிப் படத்தை வைத்து இந்த மாவட்டத்தைக் காடு, வயல், பற்றை என்று வாழிட வகைகளாகப் பிரிக்கப் போனால் வயலும் பற்றையும் கலந்துவிடும். ஜனவரியில் பெரும்போக நெல் பச்சை கட்டி நிற்கும்போது செய்மதிக்கு அதுவும் பற்றைக்காடும் ஏறக்குறைய ஒரே நிறம். செப்டெம்பரில் அறுத்த வயல், காய்ந்த தரவை, எரித்த சேனை மூன்றும் வெறும் மண்ணாகத் தெரியும்.

சென்டினல்-2 செய்மதியின் ஓராண்டுப் படங்கள் முழுவதையும் எடுத்து, முகில் பட்ட பிக்ஸல்களை நீக்குங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மிஞ்சுவது கொஞ்சந்தான், ஆனாலும் அதை விடக்கூடாது. பிறகு ஒவ்வொரு பிக்ஸலுக்கும் என்டிவிஐயின் (பச்சை எவ்வளவு செறிவு என்று காட்டும் சுட்டெண்) கூடிய அளவு, குறைந்த அளவு, இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றைக் கணக்கிடுங்கள். நெல் 0.8 வரை ஏறி, அறுவடைக்குப் பின் 0.2, 0.3க்கு விழும். பாலையும் வீரையும் நிற்கும் காடு கடும் வெயில் மாதத்திலும் பெரும்பாலும் 0.5க்குக் கீழே இறங்காது. கந்தளாய், அல்லை நீர்ப்பாசன வயல்களில் ஆண்டுக்கு இரண்டு உச்சி வரும். மானாவாரி வயலில் ஒன்றுதான். இந்த இடைவெளிப் படலம் ஒன்றே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

வெருகல் பக்கமிருந்து:

அண்ணை சொன்ன முறையில் பிடிபடாத ஒன்று இருக்கிறது. போர்க்காலத்தில் சனம் இடம்பெயர்ந்து கைவிட்ட வயல், வளவு எல்லாம் இன்று பற்றை மூடிக் கிடக்கின்றன. என்டிவிஐ இடைவெளியில் அவை காடு மாதிரியே வரும். அப்படியே ‘காடு’ என்று நிறம் தீட்டினால் இரண்டு கேடு: பழைய காட்டின் பரப்பு பொய்யாகக் கூடும், அந்த வரைபடத்தை வைத்து ஒதுக்கக எல்லை போட்டால் காணி உறுதிப் பத்திரம் வைத்திருப்பவரின் நிலம் உள்ளே போய்விடும். நிலத்தை மூடியிருப்பது வேறு, நிலத்தின் பயன்பாடு வேறு.

பிரித்தறியும் வழி இது. முதலில் கூகுள் ஏர்த்தின் பழைய படங்களில் வறட்சிக் காலத்ததைத் திறந்து பாருங்கள். பற்றைக்குள்ளே நேர்கோடும் மூலையுமாகத் தெரிந்தால் அது வரம்பு. காடு தானாகக் கட்டம் போட்டு வளராது. அடுத்து லான்ட்சாட் 5 என்ற பழைய செய்மதி. அது 1984இல் ஏவப்பட்டது; பழைய படங்கள் தொடர்ச்சியாகக் கிடைக்காது, பிக்ஸல் 30 மீட்டர், ஆனாலும் ஒரு வயல்வெளி வயலாக இருந்ததா என்று பார்க்கப் போதும். அதற்கும் முந்தியதற்கு 1956இன் வான்படங்களும் நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலத் தாள்களும் (ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவில் வரைந்த வரைபடங்கள்) இருக்கின்றன. களத்தில் கிணறு, தென்னை, பழம்புளி, அத்திவாரக் கல் தேடுங்கள். பாலை மெதுவாக வளரும் மரம். ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத பாலைகள் பல நின்றால் அங்கே அண்மையில் வயல் இருந்திருக்காது. நாயுண்ணியும் ஒரே உயரத்து இளமரமுமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வகைப்பட்டியலில் ‘மீள்வளர்ச்சிப் பற்றை’ என்று தனி வகை வையுங்கள். கூடவே ‘கடைசியாக அறிந்த பயன்பாடு’, ‘ஆதாரம்’ என்று இரண்டு நிரல். யானைக்கு அந்தப் பற்றையும் வாழிடந்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதுகாக்கும் வழி காணிக்காரரோடு பேசிச் செய்வதாக இருக்கும். திட்டமிடுபவருக்கு அது முதலிலேயே தெரியவேண்டும்.

கிண்ணியாவிலிருந்து:

தம்பலகாமம் குடாவைச் சுற்றிய கண்டலை (உவர்நீர்க் கரையோர மரக்காடு) தானியங்கி வகைப்பாட்டுக்கு விடாதீங்க. பல இடங்களில் கரையோரமாக ஒடுங்கிய பட்டிதான். பத்து மீட்டர் அகலம், ஐந்நூறு மீட்டர் நீளமென்றால் அரை ஹெக்டயர். வரைபடத்தில் காட்டும் குறைந்தபட்ச அலகு ஒரு ஹெக்டயர் என்று வைத்துச் சிறு துண்டுகளை வடிகட்டினால் அந்தப் பட்டி முழுசாகக் காணாமல் போகும். மீன்குஞ்சு ஒதுங்குவது அங்கேதான். சென்டினல்-2இல் ஈரத்தைப் பிடிக்கும் பதினோராம் பாண்டின் (ஒளி அலைவரிசை) பிக்ஸல் வேறு 20 மீட்டர். பாதி தண்ணீர், பாதி மரமாகக் கலந்து வரும். தெளிவான படத்தின்மேல் 1:2,000 அளவில் கையால் வரைந்து, வடிகட்டிய பிறகு மேலே சேர்த்துவிடுங்க.

வற்றுப்பெருக்கு இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு. குழப்புவது அதல்ல, மாரி வெள்ளம். டிசம்பர் படத்தில் உமரி நிற்கும் உவர்நிலம் தண்ணீராகத் தெரியும், ஓகஸ்டில் வெண்மணலாகத் தெரியும். களத்துக்குப் போறவங்க தில்லை மரத்தில் கை வைக்காதீங்க. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நிலாவெளியிலிருந்து:

கிண்ணியா நானா சொன்ன பட்டியில் ஜிபிஎஸ் புள்ளி தண்ணீருக்குள் விழுந்தால் வகைப்பாட்டைச் சந்தேகிக்க முன் ஆள்கூற்று முறையைப் பாருங்கள். கண்டவலை என்ற பழைய ஆள்கூற்று முறையின் தாள்களில் கட்டத்தின் தொடக்கப் புள்ளிக்குக் கொடுத்த எண் 200000, புதிய 1999 கட்டத்தில் 500000. மூன்று இலட்சத்தைக் கூட்டிவிட்டால் சரி என்று நினைப்பது வழக்கமான தவறு. ஈபிஎஸ்ஜி என்ற ஆள்கூற்று முறைக் குறியீடுகளில் பழையதற்கு 5234, புதியதற்கு 5235 என்று சரியாகக் குறித்து மென்பொருளையே மாற்றவிடுங்கள். கண்டவலை ஆள்கூற்றைத் தள மாற்றம் செய்யாமல் டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் தளம்) படத்தில் போட்டால் ஏறக்குறைய இருநூறு மீட்டர் தள்ளும்.

புறாத்தீவைச் சுற்றிய முருகைக்கல்லுக்கு மே முதல் செப்டெம்பர் வரையான படம் வேண்டும். மாரியில் கடல் கலங்கும். நீல, பச்சைப் பாண்டுகள்தான் தண்ணீருக்குள் இறங்கும். எட்டாம் பாண்டை நீர்மேல் தெரியும் வெயில் மினுக்கம் நீக்க மட்டும் பயன்படுத்துங்கள். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா என்பதால் புள்ளி எடுக்க முன் வனசீவராசிகள் திணைக்கள அனுமதி எடுக்கவேண்டும்.

மூதூரிலிருந்து மீண்டும்:

சரிபார்ப்புக்கு வகைக்கு 50 புள்ளியாவது வேண்டும், கண்டல் மாதிரிச் சின்ன வகைக்கும் அதே அளவு. மென்பொருளின் பயிற்சிக்கு எடுத்த நிலத்துண்டுக்குள்ளிருந்தே சோதனைப் புள்ளி எடுத்தால் துல்லியம் வீணாக வீங்கும். பயிற்சிக்குச் சில துண்டுகள், சோதனைக்கு வேறு துண்டுகள் என்று முழுத் துண்டாகவே பிரியுங்கள். வெருகல் தம்பி சொன்ன மீள்வளர்ச்சிப் பற்றைக்கு வீதியோரப் புள்ளி மட்டும் போதாது. உட்புறத்துக்கு அந்த ஊர் வயல்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, யானை நடமாட்டம் விசாரித்த பிறகு போங்கள். எந்த வரம்பு யாருடையது என்று அவருக்குத் தெரியும்.