புதுப்பிப்பு: .308 ரைபிள், குண்டு அலைந்த விவகாரம்

100 கஜத்தில் குண்டுகள் ஒரே இடத்தில் விழவில்லை, துப்பாக்கிக் குழலான பேரலையே மாற்ற வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம், பேரலில் ஒரு குறையும் இல்லை.

முதலில் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) கழற்றிப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. அதைப் பிடித்திருக்கும் வளையங்களை எடுத்ததும், அவற்றுக்குக் கீழுள்ள அடித்தட்டின் முன் திருகு விரலால் தொட்டதுமே சுழன்றது. எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கினேன்.

அப்புறம் பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை உருவிவிட்டு, பேரல் வழியாகவே இலக்கைப் பார்த்து, ஸ்கோப்பின் குறுக்குக்கம்பியை அதே புள்ளிக்குக் கொண்டுவந்தேன். தொடக்கம் 25 கஜத்தில். கால் எம்ஓஏ ஸ்கோப்பில் (எம்ஓஏ ஒரு கோண அளவு; திருகியின் ஒவ்வொரு கிளிக்கும் அதில் கால் பங்கு) 100 கஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்த 4 கிளிக் போதும்; 25 கஜத்தில் அதே அங்குலத்துக்கு 16 வேண்டும். பலர் தோட்டாவை வீணாக்குவது இந்தக் கணக்கில்தான்.

இப்போது குண்டுகள் ஓர் அங்குலத்துக்குள் கூடுகின்றன. 150 கிரெயின் (குண்டின் எடை அளவு) தோட்டா என்பதால் 100 கஜத்தில் 2 அங்குலம் மேலே வைத்திருக்கிறேன். 200 கஜம் வாக்கில் மையத்துக்கு வந்துவிடும். ஒன்ராறியோவின் நவம்பர் மான் வேட்டைக்கு அது தாராளம்.

இன்னொன்று: சூடான பேரலை நம்பி ஸ்கோப்பைத் திருகாதீர்கள், ஆறவிடுங்கள். மானை நோக்கிப் போவது ஆறிய பேரலின் முதல் குண்டு. அது விழும் இடத்தைத் தனியாகக் குறித்துவருகிறேன்.