மறு: ‘பகிரப்பட்ட குறுக்குவழி’ வேண்டாம், ‘பொதுக் கைகாட்டி’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் எழுதிவரும் கணினிக் கையேட்டின் நான்காம் பாடத்தில் ‘பகிரப்பட்ட டெஸ்க்டாப் குறுக்குவழிகள்’ (அதாவது ஷார்ட்கட்டுகள்) என்று ஒரு தலைப்பும், ‘மறைக்கப்பட்ட அமைப்புக் கோப்புறைகள்’ (சிஸ்டம் ஃபோல்டர்கள்) என்று இன்னொன்றும் வந்திருக்கின்றன. இரண்டையும் மாற்றலாம் என்பது என் கருத்து. முதலாவதைக் கட்டாயம் மாற்றவேண்டும். எங்கள் கடையில் நடந்ததைச் சொன்னால் காரணம் புரியும்.

ஆற்காட்டில் பத்திரம் தட்டச்சு செய்து தரும் கடை எங்களுடையது. ஒரே கணினியில் மூன்று பயனர் கணக்குகள்: எனக்கொன்று, காலையில் வரும் தங்கைக்கொன்று, மாலையில் வரும் தம்பிக்கொன்று. டெஸ்க்டாப்பில் ‘மாதிரி வேலூர்’, ‘மாதிரி ராணிப்பேட்டை’ என்று பத்திர மாதிரிகளுக்கு இரண்டு ஐகான் படங்கள் இருக்கும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. அப்போது எல்லா மாதிரிகளையும் புதிதாக அடித்தோம். ஆனால் தாய்ப்பத்திரத்தில் வேலூர் மாவட்டம் என்றுதானே இருக்கும்? அதனால் பழையதையும் வைத்திருந்தோம்.

பழையது இனி எதற்கு என்று நினைத்துத் தங்கை ‘மாதிரி வேலூர்’ படத்தை அழித்துவிட்டாள். நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. பாஸ்வேர்டு கடையில் எல்லோருக்கும் தெரியும், போட்டுவிட்டாள். தன் திரையில் மட்டும் அழித்ததாகத்தான் அவள் நினைப்பு. மாலையில் தம்பி வந்து தன் கணக்கைத் திறந்தால் அவன் திரையிலும் இல்லை. ரீசைக்கிள் பின்னைத் துழாவினான், அங்கேயும் இல்லை. “அண்ணா, வேலூர் ஃபோல்டரே போச்சு” என்று போன் செய்தான். பல வருட உழைப்பு அதில் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடைக்கு ஓடினால், அந்தக் காலத்தில் கையால் பத்திரம் எழுதிய பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். படத்தின் இடது மூலையில் இருக்கும் குட்டி அம்புக்குறி எதற்கு என்று ஒருமுறை அவர் கேட்டு நான் விளக்கியிருக்கிறேன். அதை நினைவில் வைத்திருந்தார் போலும். “இன்னாத்துக்குபா பதர்ற? கைகாட்டியத்தான புடுங்குனாங்க. ஊரு அங்கயேதான் கீது” என்றார்.

அங்கேயேதான் இருந்தது. டி டிரைவில், ஒரு கோப்புகூடக் குறையாமல். அழிந்த படம் இன்னொரு கணக்கில் இருக்கும் ரீசைக்கிள் பின்னில் கிடந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனித் தொட்டி என்பது தம்பிக்குத் தெரியாது.

அன்றிலிருந்து ஷார்ட்கட் என்றால் எனக்குக் கைகாட்டிதான். ஆற்காட்டை விட்டு ஆரணி சாலையில் திரும்பினால் திமிரி, ஆரணி என்று அம்பு போட்டுப் பலகை நிற்கிறதே, அதே வேலையைத்தான் இந்தப் படமும் செய்கிறது. பலகையைப் பிடுங்கினால் திமிரி எங்கும் போய்விடாது. ஒரே ஊருக்குப் பத்து இடத்தில் பலகை நடலாம். ஊரே இல்லாமல் போனால் பலகை மட்டும் பொய்யாக நிற்கும். கோப்பின் பெயரை மாற்றினாலோ இடம் மாற்றினாலோ விண்டோஸ் சில நேரம் தேடிப்பிடிக்கும், அடியோடு அழித்துவிட்டால் ஒன்றும் செய்யமுடியாது. புதிதாகக் கற்பவருக்குத் தெரியவேண்டிய அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ‘குறுக்குவழி’யில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்தச் சொல் தூரம் குறைவு என்று மட்டும் சொல்கிறது. குறுக்குவழியை அழித்தால் என்ன ஆகும் என்று கேட்டால் யாரால் பதில் சொல்லமுடியும்?

‘ஷார்ட்கட் என்றால் குறுக்குவழிதானே, மூலத்தை விட்டு விலகலாமா’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஆங்கிலத்திலேயே இதற்கு ஒரே பெயர் இல்லை ஐயா. விண்டோஸ் 95 இதற்கு ஷார்ட்கட் என்று பெயர் வைத்தது. அதற்கு முன்பே 1991-இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்கான சிஸ்டம் 7-இல் இதுபோன்ற ஒன்றை அலியாஸ் என்றது, அதாவது மாற்றுப்பெயர். யூனிக்ஸ் என்ற இயங்குதளக்காரர்களின் சிம்பாலிக் லிங்க்கும் இதற்கு உறவுதான். பொருளைப் பார்த்து அவரவர் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் பொருளைப் பார்த்து வைக்கலாம். ‘குறுக்குவழி’ வீணாகவும் போகாது. கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்துகிறோமே, அதற்கு அது அப்படியே பொருந்தும். இப்போது இரண்டுக்கும் அதே சொல் இருப்பதால் வரும் குழப்பமும் தீரும்.

அடுத்தது ‘பகிர்’. இதில் பத்திரக்காரனாகப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நிலத்தைப் பகிர்ந்தால் ஆளுக்கொரு பங்கு வரும். ஒருவர் தன் பங்கை விற்றால் அடுத்தவர் பங்குக்கு ஒன்றும் ஆகாது. பங்கு போடமுடியாதது என்று சில உண்டு: கிணறு, களம், நடைபாதை. அவற்றைப் ‘பொது’ என்று எழுதுவோம், பொதுவில் அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று. பொதுக்கிணற்றை ஒருவர் தூர்த்தால் எல்லோருக்கும் தண்ணீர் போய்விடும். வாட்ஸப்பில் ஒரு படத்தை அனுப்பினால் அது பகிர்வு, ஆளுக்கொரு பிரதி கிடைக்கிறது. எங்கள் கடையில் அழிந்ததோ ஒரே ஒரு பிரதி. அது பொது.

இது நடக்கும் விதம் இப்படி. நம் டெஸ்க்டாப்பில் தெரிபவை எல்லாம் ஒரே இடத்தில் இருப்பவை அல்ல. நம் சொந்தக் கோப்புறையில் இருப்பதையும், எல்லோருக்குமான ஒரு கோப்புறையில் இருப்பதையும் விண்டோஸ் ஒன்றாகப் பரப்பிக் காட்டுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அந்தப் பொதுக் கோப்புறை ‘ஆல் யூசர்ஸ்’ என்ற பெயருக்குள் இருந்தது. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டெஸ்க்டாப். எது சொந்தம், எது பொது என்று திரையைப் பார்த்துச் சொல்லமுடியாது. அழிக்கும்போது அனுமதி கேட்கிறதே, அது ஓர் அடையாளம். ஆகவே ‘பொதுக் கைகாட்டி’, ‘சொந்தக் கைகாட்டி’ என்று இரண்டு சொற்கள் கையேட்டில் வேண்டும்.

சரி, இனி மறைந்திருக்கும் கோப்புறைகள். மேலே சொன்ன பொது டெஸ்க்டாப் கோப்புறையே மறைந்துதான் இருக்கிறது. மென்பொருள்கள் தம் தரவுகளை வைத்துக்கொள்ளும் புரோகிராம்டேட்டா, ஆப்டேட்டா கோப்புறைகளும் அப்படியே. ‘மறைந்தவற்றைக் காட்டு’ என்று ஒரு டிக் போட்டால் இவை மங்கலாகத் தெரியும். இவற்றுக்கு ‘மறைகோப்புறை’ என்று ஒரு அம்மா முன்மொழிந்திருக்கிறார். எனக்கு முழுச் சம்மதம், ‘மறைக்கப்பட்ட’ என்று நீட்டவேண்டியதில்லை.

ஆனால் அந்த டிக்குக்கும் அகப்படாத இரண்டாம் வகை ஒன்று இருக்கிறது. மறை (ஹிடன்) என்ற பண்பும் அமைப்பு (சிஸ்டம்) என்ற பண்பும் இரண்டும் சேர்ந்தவை, ரீசைக்கிள் பின்னின் உண்மையான கோப்புறை மாதிரி. இவற்றைப் பார்க்க இன்னொரு டிக்கை எடுக்கவேண்டும், எடுக்கும்போது எச்சரிக்கையும் வரும். இந்த வகைக்கு ‘கரந்துறை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘கரந்து’ என்றால் மறைந்து. கண்ணுக்குத் தெரியாத சில கோள்களைச் சோதிடத்தில் கரந்துறை கோள்கள் என்பார்கள். அதில் ‘உறை’ என்றால் வாழ்வது. கோப்புறையின் ‘உறை’யோ மேலுறை. இரண்டு பொருளும் இங்கே கூடிவருகின்றன. பண்டிதத்தனமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் விட்டுக்கொடுப்பேன். கைகாட்டியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வகை பிரிப்பது எதற்கு என்று கேட்டால், பென்டிரைவ் வைரஸுக்காக. பிரிண்ட் எடுக்க வருபவரின் பென்டிரைவைச் சொருகினால் அவர் ஃபோல்டர்கள் எல்லாம் பெயர் மாறாமல் இருக்கும். உற்றுப்பார்த்தால் ஒவ்வொன்றின் மூலையிலும் அம்பு. அளவைப் பார்த்தால் எல்லாம் ஒன்றிரண்டு கேபி. வைரஸ் உண்மையான கோப்புறைகளைக் கரந்துறை ஆக்கிவிட்டு, அதே பெயரில் பொய்க் கைகாட்டிகளை நட்டுவைத்திருக்கிறது. சொடுக்கினால் வைரஸ் ஓடும். முதல் டிக்கை மட்டும் போட்டுப் பார்ப்பவர் ஒன்றும் இல்லை என்று நினைத்து ஃபார்மேட் செய்துவிடுகிறார். அட்ரிப் (attrib) என்ற விண்டோஸ் கட்டளையில் அந்த இரண்டு பண்புகளையும் நீக்கினால் எல்லாம் திரும்பி வரும். வைரஸை ஒழித்தபிறகு அதைச் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் பற்றி ஒரு சொல். அங்கே பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்தாலே கோப்பு மறைந்துவிடும். நம் எழுத்திலும் ‘க’வின் தலையில் புள்ளி வைத்தால் அகரம் மறைகிறது. ‘புள்ளிக்கோப்பு’ என்றால் தமிழருக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

டெஸ்க்டாப்பையே எப்படிச் சொல்வது என்பதற்குள் இந்த மடலில் நுழையவில்லை. நான்காம் பாடத்தின் தொடக்கத்தை மட்டும் இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘படத்தின் மூலையில் அம்பு இருந்தால் அது கைகாட்டி. அதை அழித்தாலும் அது காட்டும் கோப்பு அழியாது. அழிக்கும்போது கணினி அனுமதி கேட்டால் அது பொதுக் கைகாட்டியாக இருக்கலாம். அழித்தால் இந்தக் கணினியைப் பயன்படுத்தும் எல்லோர் திரையிலிருந்தும் போய்விடும்.’

இதைத் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்து, “அப்படின்னா அன்னிக்கு நான் எடுத்தது ஊர்க் கைகாட்டியாண்ணா?” என்று கேட்டாள். ‘பொது’வா, ‘ஊர்’ என்பதா? அடுத்த பாடம் அச்சுக்குப் போவதற்குள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.