எச்டிஆர் திரையை ‘மெய்யொளித் திரை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச்) திரை என்பது ஆழ்ந்த கருமையையும் மிகுந்த வெளிச்சத்தையும் ஒரே காட்சியில் காட்டும் திரை. அதற்குத் தமிழ்ப்பெயராக வந்திருக்கும் ‘மெய்யொளித் திரை’ என்ற பரிந்துரை காதுக்கு இனிமைதான். ஆனால் திரையால் முடியாத ஒன்றை அந்தப் பெயர் ஏற்றிச் சொல்கிறது. எனக்கு உடன்பாடில்லை.

கணக்கைப் பாருங்கள். உச்சி வெயிலில் கிடக்கும் வெள்ளைத் தாளின் ஒளிர்வு ஏறத்தாழ 30,000 நிட் (நிட் என்பது ஒளிர்வை அளக்கும் அலகு). சூரிய வட்டமோ 100 கோடி நிட்டையும் தாண்டும். பழைய எஸ்டிஆர் (ஸ்டாண்டர்ட் டைனமிக் ரேஞ்ச்) படங்கள் 100 நிட்டை உச்சமாக வைத்துத் தயாரானவை. எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1,000 அல்லது 4,000 நிட்டுக்கு அமைக்கிறார்கள். எச்டிஆர் படங்களின் ஒளிர்வைக் குறியிட 2014இல் வந்த எஸ்டி 2084 தரமே 10,000 நிட்டோடு நின்றுவிடுகிறது. வெயிலில் கிடக்கும் அந்தத் தாளைக்கூட எட்டவில்லை.

அப்புறம் எப்படி அசல்போலத் தோன்றுகிறது? கண் பெரும்பாலும் விகிதத்தைத்தான் பார்க்கிறது. இருட்டறையில் ஒரு மெழுகுவத்தி எரியும் காட்சியை எடுத்துக்கொள்வோம். எஸ்டிஆரில் சுடர் வெறும் வெள்ளைத் திட்டு. சுவரோரம் கறுப்பு அப்பிக் கிடக்கும். நல்ல எச்டிஆர் திரையில் சுடருக்குள் மஞ்சளும் செம்மஞ்சளும் பிரிந்து தெரியும், அதே நேரத்தில் நிழலுக்குள் கதவின் விளிம்பும் தெரியும். இதில் கருமைக்கும் சம பங்கு உண்டு. பின்னொளியைக் கட்டம் கட்டமாக மங்கச்செய்யும் எல்சிடியில் சுடரைச் சுற்றி ஒரு வெளிறிய வளையம் படரும். ஓஎல்இடியில் ஒவ்வொரு படப்புள்ளியும் தனியே அணைவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அறையில் விளக்கைப் போட்டதுமே அந்த வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பி, எந்தத் திரையின் கருமையையும் கெடுத்துவிடும்.

ஆக, பெயர் சொல்ல வேண்டியது இருளுக்கும் ஒளிக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைத்தான். ஹை டைனமிக் ரேஞ்சின் நேர் மொழிபெயர்ப்பான ‘உயர் இயங்கு வீச்சு’ அதைச் சொல்லவில்லை. இங்கே இயங்குவது எதுவும் இல்லை. ‘உயர்’ என்றதும் வெளிச்சம் கூடுதல் என்று மட்டும் நினைக்கத் தோன்றும். ‘வீச்சு’ இயற்பியல் பாடத்தில் அலையின் வீச்சுக்குப் போய்விட்டது.

ரேஞ்சை ‘நெடுக்கம்’ எனலாம். என் பரிந்துரை ‘விரி ஒளிநெடுக்கம்’. சுருக்கமாக, ‘விரிநெடுக்கத் திரை’. எஸ்டிஆருக்கு ‘செந்தர ஒளிநெடுக்கம்’. கேமராவின் டைனமிக் ரேஞ்சுக்கு அடைமொழி இல்லாமல் ‘ஒளிநெடுக்கம்’ என்றாலே போதும். திரை தாங்காத காட்சியை அதன் எல்லைக்குள் அடக்கும் டோன் மேப்பிங்குக்கு ‘நெடுக்கச் சுருக்கல்’ இயல்பாக அமைகிறது. விரி, சுருக்கு என்று இணையும் கிடைத்துவிட்டது.

ஒலிப்பதிவிலும் டைனமிக் ரேஞ்ச் உண்டே என்று கேட்கலாம். அங்கே ‘ஒலிநெடுக்கம்’ வேண்டாம். பேச்சில் ஒளியும் ஒலியும் குழம்பும். உரப்பு என்றால் ஒலியின் சத்த அளவு, அதனால் ‘உரப்பு நெடுக்கம்’ சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒலித்துறையில் வேலை செய்பவர்கள் இதைச் சொல்லிப் பார்த்து, நாக்கில் புழங்குகிறதா என்று எழுதுங்கள்.