புதுப்பிப்பு: ஆச்சியின் காபியில் சீனிக்குப் பதில் மாத்திரை

பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் ஆச்சிக்குச் சர்க்கரை நோய். காபியில் சீனிக்குப் பதில் இனிப்பு மாத்திரை போடலாமா, புற்றுநோய் வரும் என்கிறார்களே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

டாக்டரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டினோம். அது சுக்ரலோஸ். சீனியைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு என்பதால் ஒரு மாத்திரையில் இருப்பது துளிதான். தாராளமாகப் போடலாம் என்றார்.

புற்றுநோய்ப் பேச்சு வேறொரு இனிப்புப் பொருளான அஸ்பார்டேம் பற்றியது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. ஆனால் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை சாப்பிடலாம் என்ற பழைய வரம்பு மாறவில்லை. எடை குறைக்க இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு மே மாதம் சொன்னதும் ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கான பரிந்துரை அல்ல.

பொடியாக வாங்குகிறவர்கள் லேபிளைக் கட்டாயம் படியுங்கள். சிலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருக்கும். அது மாவுச்சத்து, சர்க்கரையை ஏற்றும்.

அப்புறம், கருப்பட்டி போடச் சொன்ன அண்ணாச்சிக்கு: ருசியில் எனக்கும் அதுதான் உசத்தி. ஆனால் அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

மாத்திரை போட்டு அல்வா கிண்டலாமா என்று கேட்ட அக்காவுக்கு: சரிவராது. கோதுமைப் பாலோடு சீனி சேர்ந்து சுருள்வதில்தான் அந்த நிறமும் பதமும் வருகிறது. ஆச்சிக்கு விசேஷ நாளில் சுண்டுவிரல் அளவு நிஜ அல்வாவே கொடுக்கிறோம், டாக்டருக்குச் சொல்லிவிட்டுத்தான்.