குதிகால் வலிக்கு ஷூவை மாற்றினால் குறையுமா?

வணக்கம். அப்பா ஓய்வுபெற்ற ராணுவ வீரர். கனமான பூட்ஸும் முதுகில் சுமையுமாக வருஷக்கணக்கில் நடந்த கால். இப்போது காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியிலேயே குதிகாலில் சுருக்கென்று குத்துகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறார். நாலு எட்டு நடந்தால் தேவலை, ரொம்ப நேரம் நின்றால் மறுபடி ஆரம்பம். பிளான்டர் ஃபேசியைட்டிஸ் (குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தசைநார்ப் பட்டையில் வரும் பிரச்சினை) என்கிறார் டாக்டர். கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியைச் செய்கிறார். ஷூ என்றால் மட்டும் "பட்டாளத்துல போட்டதே போதும்" என்று வெறுங்காலோடுதான் வீட்டுக்குள் நடை. (சொன்னால் கேட்டால்தானே!)

முன்னாள் ராணுவத்தினர் யாராவது இதைச் சமாளித்திருக்கிறீர்களா? ஷூவுக்குள் வைக்கும், உள்ளங்கால் வளைவைத் தாங்கும் ரெடிமேட் இன்சோலே போதுமா, அளவெடுத்துச் செய்ததுதான் வேண்டுமா? வீட்டுக்குள் போட மெத்தென்ற செருப்பா, கொஞ்சம் கெட்டியானதா? அவருக்குச் சர்க்கரை கிடையாது.